சாவு மேளம் என்கிற பெரியவருக்கு

சேலையூருக்கு அப்பால் நான் குடியிருக்கும் காலனியில், பொங்கல் விழாவுக்கு என்ன நிகழ்ச்சி வைப்பது என்று ஒரு கூட்டம் நடந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர், "பறையாட்டம் வைக்கலாம் ஸார், நாங்களே ஆடுகிறோம்" என்றார்கள்.

ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமாய்ச் சாவு மேளமா? அமெரிக்காவிலே பிள்ளைகள் காலைத் தட்டிக் கையைத் தட்டி வரிசையாக ஆடுகிறார்களாமே, என் பேத்தி போனில் காட்டினாள். அதைச் செய்யட்டும். பார்க்கக் கௌரவமாக இருக்கிறது" என்றார்.

பெரியவர் சொன்ன ஆட்டத்துக்கு ஸ்டெப்பிங் என்று பெயர். அதன் கதை தெரிந்திருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

தாம்பரத்தில் 1937 முதல் இருந்துவரும் கிறிஸ்தவக் கல்லூரியில் விடுதிக்கு விடுதி ஒரு பெயரும் பெருமையும் உண்டல்லவா? அமெரிக்கக் கல்லூரிகளில் அதைவிட நெருக்கமான மாணவர் சங்கங்கள் உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சங்கங்கள் கறுப்பரைச் சேர்க்கவில்லை. ஆகவே 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பு மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்று தாங்களே ஒன்று தொடங்கினார்கள். மற்றவையும் தொடர்ந்தன. இந்தச் சங்கங்களின் அணிநடையிலிருந்தும் பாட்டிலிருந்தும் வளர்ந்ததுதான் ஸ்டெப்பிங்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1739-ல் தென் கரோலினாவில் அடிமைகள் கொட்டு முழக்கிக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருஷமே அவர்கள் முரசு வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. தோற்கருவியைப் பறித்தால் தாளம் செத்துவிடுமா? தொடையிலும் மார்பிலும் தட்டினார்கள், தரையை மிதித்தார்கள். உடம்பே கொட்டாயிற்று. பெரியவர் கௌரவம் என்று கண்டது அந்தத் தாளத்தின் பேரப்பிள்ளையைத்தான்.

அங்கே கொட்டைப் பறித்தார்கள். இங்கே நாம் செய்தது அதற்கு நேர்மாறான கொடுமை: கொட்டைத் திணித்தோம். "நீ அடித்தே ஆகவேண்டும், எங்கள் பிணத்துக்கு முன்னால் அடிக்க வேண்டும், கூலி கேட்காமல் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றோம். மாட்டேன் என்றவர்கள் அடிபட்டார்கள். சாவு வாடை அந்தத் தோலில் தானாக ஏறியதா? நாம் ஏற்றினோம், ஏற்றிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

பறைக்குச் சாவைத் தவிர வேறு தெரியாது என்பதும் பொய். சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, வாழ்த்தடி என்று சமயத்துக்கு ஓர் அடி. இடக்கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டை அடிக்குச்சி. வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி, தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே அடவு பிடிக்க வேண்டும். கையும் காலும் ஒரே சமயத்தில் கணக்குத் தவறாமல் நிற்பது எத்தனை ஸங்கீத வித்வான்களுக்கு வரும்?

பிள்ளைகளையும் நான் விடுவதாயில்லை. அவர்கள், "இது ஆதித் தமிழன் கலை ஸார், தொல்காப்பியத்திலேயே இருக்கிறது" என்கிறார்கள். இருக்கிறது, ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை சொல்லியிருக்கிறது. ஆனால் பறையின் பெயர் ஒரு ஜாதியின் பெயராகி, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கில அகராதியிலும் ஏறிற்றே, அது எந்தத் திணை? எல்லாத் தமிழனுடையது என்று சொல்லும்போது, அதைச் சுமந்தவனின் கணக்கு அழிந்துபோகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, சந்தோஷம். ஆனால் நம் தெருக்கோடியில் அடிப்பவருக்கு என்ன கிடைத்தது? "இந்தக் கொட்டே வேண்டாம்" என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு. அதுவும் மானம்தான், திரும்ப எடு என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஏனென்றால் நானும் குற்றவாளி. என் தகப்பனார் இறந்த அன்று நாலு பேர் காலையிலிருந்து வெயிலில் நின்று அடித்தார்கள். பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நான் பணத்தைக் கொடுத்தேன். ஒருவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மனித மனத்தை எழுதிப் பிழைப்பவன் நான்!

கூட்டத்தில் என் யோசனையைச் சொன்னேன்: பிள்ளைகள் ஆடட்டும், ஆனால் நம் வட்டாரத்தில் சாவுக்கு அடிக்கும் பெரியவர்களிடம் முறையாகக் கற்றுக்கொண்டு ஆடட்டும். அவர்கள் சம்மதித்தால் மேடையில் முதல் நாற்காலி அவர்களுக்கு. கச்சேரிக்காரருக்குக் கொடுக்கும் சன்மானம் அவர்களுக்கும்.

சன்மானம் என்றதும் கூட்டத்தில் சத்தமில்லை. கடைசியில் எனக்குக் கிடைத்தவை நாலே ஓட்டு. அதில் மூன்று பிள்ளைகளுடையவை. பொங்கலுக்கு மெல்லிசைக் குழு வருகிறது.

அந்த மூன்று பிள்ளைகளும் மறுநாள் என் வீட்டுக்கு வந்து, "அவர்கள் வீடு எங்கே ஸார்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அவர்களோடு நானும் விசாரித்துக்கொண்டு கிளம்பினேன்.