கோர் கூடினால் வேகம் கூடுமா?

ஸ்பைசஸ் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புத்தடியிலும் நடக்கிறது. இப்படி ஓர் ஏலத்துக்கு, 16 கோர் சர்வரில் நீங்கள் சாஃப்ட்வேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

வியாபாரியைச் சரிபார்ப்பது, பதில் அனுப்புவது போன்றவற்றை கோர்கள் பங்கிட்டுக்கொள்ளும். ஆனா, ஒரு லாட்டின் உச்ச விலை ஒன்றுதான். இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் அதை மாற்றினால், கூடுதல் விலை அழிந்து குறைந்த விலை நின்றுவிடலாம். நஷ்டம் விவசாயிக்கு! அதைத் தடுப்பதுதான் 'லாக்': ஒரு கோர் முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கணும்.

1967-ல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்தின்படி, வேலை நேரத்தில் 10 சதவீதம் இப்படி வரிசையில் போனால், 16 கோரிலும் கிடைப்பது 6.4 மடங்கு வேகம்தான். எத்தனை கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது.

எனவே, பெரிய மெஷினுக்குப் பணத்தைக் கொட்டும் முன் லாக்கைச் சுருக்குங்கள். விலையை ஒப்பிட்டு மாற்றுவது மட்டும் உள்ளே; எஸ்எம்எஸ், ரிப்போர்ட் எல்லாம் வெளியே.