நிறுத்திய வண்டியை இடித்துவிட்டுப் போனால்...



சென்ற மாதம் சந்தைக்கு வெளியே நிறுத்தியிருந்த எனது ஸ்கூட்டி, திரும்பி வந்தபோது விழுந்து கிடந்தது. இடித்தவர் நிற்கவில்லை. கூட வந்த அக்கா, "விடுங்கோ மிஸ், பொலிசுக்குப் போய் ஏன் வில்லங்கம்?" என்றார். காணாமற்போன கணவரைத் தேடிப் பல வாசல்களில் நின்றவர் அவர். அந்தப் பயம் எனக்கு விளங்கியது.

ஆனாலும் வண்டியை நிமிர்த்த முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். எதிர்க் கடைக்காரருக்கு வாகன இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் நினைவிருந்தன. கடையில் கமெரா இருந்தால் அன்றே கேளுங்கள்; பதிவு அழிந்துவிடும்.

விபத்து நடந்தால் சாரதி வாகனத்தை நிறுத்தி விபரம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது நமது உரிமை. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் நமது சேதத்துக்கு நமது கம்பனி பணம் தராது; இடித்தவரிடம்தான் கேட்க வேண்டும். முழுக் காப்புறுதி என்றால், திருத்த முன் கம்பனிக்கு அறிவியுங்கள்.

இடித்தவர் இன்னும் அகப்படவில்லை. ஆனால் பொலிஸ் வாசலில் தயங்கி நின்ற அக்கா, உள்ளே வந்து தன் பெயரையும் சாட்சியாகக் கொடுத்தார்.