எந்த ஹார்மோன், எத்தனை ஆண்டு?

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை தருவது பற்றி அமெரிக்காவில் 16,608 பேரிடம் நடந்துவந்த ஆய்வு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 26 சதவீதம் கூடுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஏராளமான பெண்கள் மாத்திரையைக் கைவிட்டார்கள். அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான்: ஓர் ஆண்டில் 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கும், ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கும் நோய் வந்தது. எட்டுப் பேர் கூடுதல். உதறித் தள்ளக்கூடிய எண்ணிக்கை அல்ல, அலறி ஓட வேண்டியதும் அல்ல. ஆனால் பெண்களின் காதில் பெரும்பாலும் விழுந்தது சதவீதம்தான். நள்ளிரவில் உடல் தகித்து, வியர்வையில் நனைந்து எழுந்து உட்காரும் ஒருத்தி தானே முடிவெடுக்கத் தேவையான கணக்கை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. என் வாதம் இந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

கணக்கில் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஹார்மோன் என்பது. நிறுத்தப்பட்ட ஆய்வில் தரப்பட்டது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்கவே புரோஜெஸ்டின் சேர்க்கப்படுகிறது. கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்களுக்கு அது தேவையில்லை. அதே ஆய்வுத் திட்டத்தில் அப்படிப்பட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் பரிசோதிக்கப்பட்டது. சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. இரண்டு மருந்துகளின் கதையை ஒன்றாக்கி, 'ஹார்மோன் என்றாலே புற்றுநோய்' என்று மக்கள் மனதில் பதியவிட்டது பெரும் பிழை.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, ஐம்பதில் தொடங்குபவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது என்கிறார்கள். இதயத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் வலு இருக்கிறது. மார்பகத்துக்கு அப்படியே நீட்ட முடியாது. 58 ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வெளியான ஆக்ஸ்ஃபர்டு தொகுப்பு, ஐம்பதை ஒட்டித் தொடங்கியவர்களிடமும் ஆபத்து கூடுவதைக் காட்டியது. ஐம்பதில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் இரண்டு ஹார்மோனையும் தினமும் சேர்த்து எடுத்தால், அடுத்த 20 ஆண்டுகளில் 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக நோய் வரும் என்பது அதன் மதிப்பீடு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவர். ஈஸ்ட்ரோஜன் விஷயத்தில் இது அமெரிக்க ஆய்வோடு ஒத்துப்போகவில்லை என்பது உண்மை. சேர்க்கை மாத்திரை விஷயத்தில் இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

எண்களைச் சொன்னால் பெண்கள் பயந்துவிடுவார்கள், மருத்துவரே முடிவெடுக்கட்டும் என்று ஒரு தரப்பு சொல்லும். 2002இல் பயத்தை விதைத்தது முழு எண்ணிக்கையா, பாதிச் செய்தியா? 10,000 பேரில் எட்டு என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு வேண்டாம். அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு ஆண்டுக்கு 10,000 பேருக்கு ஐந்து குறைந்தது, பக்கவாதம் எட்டு கூடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால், தன் தூக்கத்துக்கும் வேலைக்கும் எது பொருந்தும் என்று அவள் எடைபோடுவாள். மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்களுக்குப் பொதுவாக இந்த மருந்து கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் இது இன்னும் அவசரமான பேச்சு. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் நாற்பது வயதுக்குள் எடுத்துவிட்டு, மறுநாளே மெனோபாஸுக்குள் தள்ளப்படும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பது, வேறு தடை இல்லாவிட்டால், அவர்களின் எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு. அறுபது வயதுப் பெண்களைப் பற்றிய எச்சரிக்கையைக் காட்டி அவர்களுக்கு அதை மறுப்பது அநியாயம். அறுவைசிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும் அன்றே இந்தப் பேச்சும் நடந்தாக வேண்டும்.