பால் தூக்குறவன்னா அவ்ளோ இளக்காரமா?

"அடிக்க ரெண்டு ஆள் இருந்தா போதும்ப்பா. தூக்கிக் குடுக்க எவனையாவது நிறுத்திக்கலாம்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுத்தி எங்கே மின்னொளி வாலிபால் நடந்தாலும், டீம் பேர் எழுதற நேரத்துல இந்த டயலாக்கைக் கேட்காம நான் வீடு திரும்பினதே இல்லை. கவரைப்பேட்டையோ, ஆரம்பாக்கமோ, அந்தப் பக்கம் காக்களூரோ, எல்லா ஊர்லயும் ஒரே பாட்டுதான். கடைசியா இதைச் சொன்னவர் ஒரு போட்டியை நடத்துறவரே. பேர் வேணாம். நல்ல மனுஷன், டீயெல்லாம் வாங்கிக் குடுத்தார். டீக்காக வாயை மூடிட்டு இருக்க முடியுமா? அதான் இந்தப் பதிவு. கிரிக்கெட் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம் :-)

வாலிபால் பார்க்காத மக்களுக்காக ரெண்டு வரி. ஒரு பக்கத்துக்கு மூணு தொடு. முதல் தொடு பாஸ், மூணாவது அடி. நடுவுல இருக்கற ரெண்டாவது தொடு செட்டருக்கு. நம்மூர்ல லிஃப்டர்னும் சொல்வாங்க, பால் தூக்குறவன்னும் சொல்வாங்க. யார் அடிக்கணும், எந்த உயரத்துல அடிக்கணும், எதிர்ல எத்தனை பேர் பிளாக்குக்கு எழும்பணும்னு முடிவு பண்றது அவன். இத்தனையும் அரை செகண்டுக்குள்ள. கல்யாணச் சமையல்காரர் மாதிரிதான் அவன் பொழப்பு. பந்தி நல்லா இருந்தா பேரு பொண்ணு வீட்டுக்கு. சாம்பார்ல உப்பு குறைஞ்சா மட்டும் "எங்கடா அந்த சமையல்காரன்?"

எங்க பக்கம் யூடியூப் பார்த்து வளர்ந்த பசங்க செட் ஒண்ணு இருக்கு. அவங்க செட்டரை மதிக்கறவங்கதான், ஆனா அமெரிக்க செட்டரை மட்டும். லாய் பால் பெரியவரா, மைக்கா கிறிஸ்டன்சன் பெரியவரான்னு கம்பெனி பஸ்ல ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் அடிச்சுப்பாங்க. (பேரே பால்! அந்தாளு வேற என்ன வேலைக்குப் போயிருக்க முடியும்?) நானும் அந்தச் சண்டையில மூக்கை நுழைச்சவன்தான். அதனால என் கட்சியையும் சொல்லிடறேன்.

கிறிஸ்டன்சன் ஹவாய்க்காரர், 1993ல பிறந்தவர். 21 வயசுல அமெரிக்க டீமுக்கு முதல் செட்டர். 2014ல வேர்ல்ட் லீக், 2015ல வேர்ல்ட் கப், அந்த வேர்ல்ட் கப்புல சிறந்த செட்டர் விருதும் அவருக்கே. 2016 ரியோவுல ரஷ்யாவுக்கு எதிரா ரெண்டு செட் பின்தங்கி, மூணு செட் எடுத்து வெண்கலம். 2024 பாரிஸ்ல மறுபடி வெண்கலம். கையைப் பார்த்தா வெண்ணெய். பந்து விரல்ல பட்டதா இல்லையான்னே தெரியாது.

லாய் பால் அப்படி இல்லை. 203 செ.மீ. உயரம், ஆறடி எட்டு அங்குலம். 1996, 2000, 2004, 2008னு நாலு ஒலிம்பிக். 2000 சிட்னியில அவர் செட்டரா இருந்த டீம் அஞ்சு மேட்ச் ஆடி அஞ்சும் தோல்வி. 2008 பெய்ஜிங்ல அதே மனுஷன், 36 வயசு, பிரேசிலை 3-1 தோற்கடிச்சு தங்கம். கையழகுல கிறிஸ்டன்சன் ஒரு படி மேலதான். ஆனா ஒரு மேட்ச் ஜெயிச்சாகணும், பாஸ் எல்லாம் கண்டபடி வருது, ஒரே ஒரு செட்டரைக் கூப்பிடலாம்னா நான் பாலைத்தான் கூப்பிடுவேன். தரை லோக்கல்ல விழப்போற பந்தையும் அடிக்கறவன் தோள்பட்டைக்கு ஏத்திக் குடுக்கற ஆள் அவர்.

இதுல ரெண்டு விஷயம் நம்ம ஏரியாவுக்கு நேரா வந்து உறைக்குது. ஒண்ணு அந்த சிட்னி கணக்கு. அஞ்சுக்கு அஞ்சு தோத்தவரும் தங்கம் வாங்கினவரும் ஒரே செட்டர். அப்போ கோப்பையை எண்ணி செட்டரை எடை போட முடியாது, தோல்வியை எண்ணித் திட்டவும் முடியாது. ரெண்டாவது அந்த உயரம். நம்மூர்ல ஒரு பையன் ஆறடி தாண்டிட்டான்னா உடனே "நீ அடிடா". அஞ்சடி அஞ்சங்குலமா? "நீ போய் பால் தூக்கு." அதாவது மத்த இடத்துக்கெல்லாம் ஆள் எடுத்தப்புறம் மிச்சம் மீதி இருக்கறவன்தான் செட்டர்.

இது எவ்ளோ பெரிய மடத்தனம்னு கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆறு ரோட்டேஷன்ல மூணுல செட்டர் முன்வரிசையில நிக்கணும். நெட் உயரம் 2.43 மீட்டர். அந்த மூணு ரோட்டேஷன்லயும் எதிர் டீமோட இடது பக்க அட்டாக்கர் யார் தலைக்கு மேல அடிப்பான்? நம்ம குள்ள செட்டர் தலைக்கு மேலதான். மேட்ச்ல பாதி நேரம் நாமளே கதவைத் திறந்து வெச்சுட்டு, அப்புறம் "செட்டர் சரியில்லை"ன்னு பேச்சு. குள்ளமான பையன் செட்டர் ஆகக் கூடாதுன்னு நான் சொல்லலை. கை நல்லா இருந்தா தாராளமா ஆகட்டும். ஆனா நல்ல கை இருக்கற ஒரு ஆறடி ரெண்டு அங்குலப் பையனை, அவன் உயரம்ங்கற ஒரே காரணத்துக்காக செட்டர் ஆகவிடாம தடுக்கறோமே, அதைச் சொல்றேன். லாய் பால் தேர்வாய் கண்டிகையில பிறந்திருந்தா அவரையும் நாலாம் நம்பர்ல நிறுத்தி அடிக்கத்தான் விட்டிருப்போம்.

சரி, அமெரிக்காவுல மட்டும் செட்டரைக் கொண்டாடிட்டாங்களான்னு கேக்கலாம். 1984லயும் 1988லயும் அமெரிக்காவுக்குத் தங்கம். கார்ச் கிராலி பேரு வாலிபால் தொட்ட எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்குப் பந்து தூக்கின டஸ்டி ட்வோராக், ஜெஃப் ஸ்டார்க் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? 2008லயும் சிறந்த ஆட்டக்காரர் விருது அடிச்ச கிளே ஸ்டான்லிக்குத்தான். ஆனா உலகம் மாறிட்டு வருது. 2022 உலக சாம்பியன்ஷிப்ல இத்தாலி ஜெயிச்சப்போ, மொத்தப் போட்டிக்கும் சிறந்த ஆட்டக்காரர்னு அறிவிச்சது சிமோனே ஜியானெல்லியை. செட்டர்! நம்மூர் பரிசு மேடையில "சிறந்த அட்டாக்கர்"னு ஒருத்தரைக் கூப்பிட்டு ஆளுயரக் கோப்பை குடுக்கறாங்க. "சிறந்த லிஃப்டர்"னு கூப்பிட்டா அது பெரிய விஷயம், கூப்பிட்டாலும் கையில ஒரு டிஃபன் பாக்ஸ்.

இப்போ அந்த யூடியூப் செட்டுக்கு நான் கேக்கற கேள்வி. பால், கிறிஸ்டன்சன் எல்லாம் சரி. உக்கிரபாண்டியனா, முத்துசாமியா? இதுக்கு என்னிக்காவது பஸ்ல அடிச்சுக்கிட்டீங்களா?

மோகன் உக்கிரபாண்டியன் நம்ம தமிழ்நாட்டுக்காரர். 2018 ஆசிய விளையாட்டுல இந்திய டீமுக்கு கேப்டன். 2019 புரோ வாலிபால் லீக்ல கொச்சி டீமுக்கு கேப்டன். 2024 மார்ச்ல சென்னை நேரு உள்விளையாட்டரங்குல பிரைம் வாலிபால் இறுதிப் போட்டியில காலிக்கட் ஹீரோஸ் கோப்பை தூக்கினப்போ செட்டர் அவர்தான். விருது யாருக்கு? அடிச்ச ஜெரோம் வினித்துக்கு. ஜெரோமும் நம்ம ஆளுதான், அருமையா அடிச்சார், அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா அவர் எழும்பும்போது எதிர்ல ஒத்தை பிளாக் மட்டும் நின்ன தடவைகளை யாராவது எண்ணினாங்களா? அந்த ரெண்டாவது பிளாக்கரை வேற எங்கேயோ அனுப்பி வெச்சது யாரு?

முத்துசாமி அப்பாவுவும் தமிழ்நாடுதான். 2023ல அகமதாபாத் டிஃபெண்டர்ஸை சாம்பியன் ஆக்கின கேப்டன். அதே வருஷம் செப்டம்பர் 20, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, இந்தியா-தென் கொரியா. கொரியா 2018ல வெள்ளி வாங்கின டீம். 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. ஜெயிச்சது நாம. அடுத்த நாள் பேப்பர்ல எல்லாம் அமித்தோட 24 பாயிண்ட். ரொம்ப சரி. ஆனா அஷ்வல் ராய் நடுவுல ஆடற ஆள், அவரும் 20க்குக் கிட்டத்துல எடுத்தார். அதுல பிளாக்ல வந்ததும் இருக்கும், ஒத்துக்கறேன். மிச்சம் எப்படி வந்தது? நடு ஆளுக்கு பாயிண்ட் வானத்துல இருந்து விழாது. பாஸ் கொஞ்சம் தள்ளி வந்தாலும் துணிஞ்சு குவிக் பால் குடுக்கற செட்டர் இருந்தாத்தான் வரும். நம்ம ஏரியா செட்டர்கள் டென்ஷன் ஆனா என்ன பண்ணுவாங்க? கண்ணை மூடிக்கிட்டு நாலாம் நம்பருக்கு உயரமா ஒரு பந்து. எதிர் டீம்ல மூணு பேரும் டீ குடிச்சுட்டு வந்து நிதானமா பிளாக் போடலாம்.

ஆனா அந்தப் பையங்களை மட்டும் குத்தம் சொல்றதுக்கில்லை. இங்கதான் என் நிஜமான கோபமே.

சிப்காட்ல ரோலிங் மில், ஃபவுண்டரின்னு வேலை பார்க்கற பசங்களுக்கு ஷிஃப்ட் வாராவாரம் மாறும். காலை ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்து. அட்டாக்கருக்கு இதனால பெரிய நஷ்டம் கிடையாது. தனியா குதிக்கலாம், தனியா சுவத்துல அடிக்கலாம், எந்த டீம்ல போய் நின்னாலும் உயரமா ஒரு பந்து வந்தா போதும். செட்டர் கதை அப்படி இல்லை. எந்த ஆள் எத்தனை அடி எடுத்து வெச்சு எழும்புவான், எவன் கை எந்த உயரத்துல வெட்டும், எவனுக்குப் பந்து நெட்டை விட்டு ஒரு ஜாண் தள்ளி வேணும், இதெல்லாம் அதே ஆட்களோட ஆயிரம் தடவை தூக்கினாத்தான் விரலுக்கு ஏறும். அவன் ஏ ஷிஃப்ட், அடிக்கறவன் பி ஷிஃப்ட், நடு ஆள் ராத்திரி முடிச்சுட்டு தூங்கறான். எப்போ பிராக்டிஸ்? ரயில்வே, ஐ.சி.எஃப்., ஐ.ஓ.பி., போலீஸ் டீம்ல எல்லாம் ஆறு பேரும் ஒண்ணா நின்னு ஆட நேரம் கிடைக்குது. கான்ட்ராக்ட் வேலையில ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சு.

போட்டி வந்தா இன்னும் கூத்து. சென்னை காலேஜ்ல இருந்து ஒருத்தன், சூளூர்பேட்டையில இருந்து ஒருத்தன்னு காசு குடுத்து கெஸ்ட் பிளேயர் இறக்குவாங்க. ரெண்டு பேருமே அட்டாக்கர். ராத்திரி எட்டு மணிக்கு வண்டியில இறங்குவாங்க, எட்டரைக்கு மேட்ச். அது வரைக்கும் மூஞ்சியே பார்க்காத ரெண்டு பேருக்கு நம்ம லோக்கல் பையன் மண் தரையில, ஒரு பக்கம் மட்டும் எரியற ஃபோகஸ் லைட்ல, அளந்து தூக்கணும். ஜெயிச்சா கெஸ்டுக்குக் கவர். தோத்தா, "என்னடா தூக்கின?"

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன். கான்ட்ராக்ட்ல ஃபர்னஸ் பக்கம் வேலை. இந்த ஏரியாவுல அவனை மாதிரி பின்னால தூக்கறவன் கிடையாது. பார்க்கற நமக்கே பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியாது. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு ஒரு இடத்துல செலக்‌ஷன்னு போனான். முன்னப்பின்ன தெரியாத பன்னெண்டு பேரை ரெண்டு டீமாப் பிரிச்சு ரெண்டு மணி நேரம் ஆட விட்டாங்களாம். அடிக்கறவங்க தங்களைக் காட்டிக்கிட்டாங்க. இவனுக்கு வந்த பாஸ்ல பாதி நெட்டுக்கு நாலு மீட்டர் தள்ளி. ஓடி ஓடித் தூக்கினான். "கன்ட்ரோல் பத்தலை"ன்னு அனுப்பிட்டாங்க. நாலு மீட்டர் தள்ளி வந்த பந்தைத் தூக்கினதுதானே ஐயா கன்ட்ரோல்! அதை எண்ணாம வேற எதைத்தான் எண்ணினீங்க? அவன் இப்பவும் அதே ஃபர்னஸ்லதான் இருக்கான்.

"சரிப்பா, அடிக்க ஆள் இல்லாம செட்டர் மட்டும் என்ன கிழிப்பான்?"ன்னு அந்த டீ வாங்கிக் குடுத்த அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒண்ணும் கிழிக்க மாட்டான், சிட்னியையே சொல்லிட்டேனே. ஆனா அண்ணே, ஒரு தடவை கெஸ்ட் அட்டாக்கர் காசுல பாதியை எடுத்து உங்க ஆறு பசங்களுக்கும் போட்டிக்கு முன்னாடி பத்து நாள் சாயந்திரம் ஒண்ணா நிக்க வழி பண்ணிப் பாருங்க. சூப்பர்வைசர்கிட்ட பேசி ஷிஃப்ட் மாத்தி விடறது உங்க செல்வாக்குக்குப் பெரிய காரியமா? சிறந்த அட்டாக்கருக்கு என்ன கோப்பையோ அதே உயரத்துல சிறந்த லிஃப்டருக்கும் ஒண்ணு. டிஃபன் பாக்ஸை நீங்களே வெச்சுக்கோங்க, டீக்கு பிஸ்கட் போட்டு வைக்க ஆகும் :-)

கடைசியா, நானே கிளப்பின கேள்விக்கு பதில் சொல்லாம ஓடினா நல்லா இருக்காது. என் ஓட்டு முத்துசாமிக்கு. பிரைம் லீக்ல ஒரு செட்டுக்கு 15 பாயிண்ட்தான். செட்டர் ரெண்டு பொய் சொல்லி, மூணாவது தடவை அந்தப் பொய்யை அறுவடை பண்றதுக்குள்ள செட்டே முடிஞ்சுடும். அதனால அந்தக் கோப்பைகளை ரெண்டு பேர் கணக்குலயும் ஓரமா வெச்சுட்டேன். 25 பாயிண்ட் செட்ல, ஆசியாவோட நல்ல பிளாக்குக்கு எதிரா, அஞ்சு செட் முழுக்க நடுவை உயிரோட வெச்சிருந்தவர் முத்துசாமி. உக்கிரபாண்டியன் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம். ஒரே ஒரு கண்டிஷன், வர்றதுக்கு முன்னாடி அந்தக் கொரியா மேட்ச்சோட ரெண்டாவது செட்டை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. பந்தைப் பார்க்காதீங்க, கொரியாவோட நடு பிளாக்கர் எந்தப் பக்கம் காலை எடுத்து வைக்கறான்னு மட்டும் பாருங்க.