எத்தனை ஆயிரம் ஓடும்?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இன்னும் நான்கு மாதம் அவகாசம் உண்டு; அங்கே பெருமழை ஐப்பசியில்தான். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பது நீலகிரிக்கு வாய்த்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மழைக்கு முன்னால் கூரையைச் சரிபார்க்கிறோம், வாய்க்காலைத் தூர் வாருகிறோம், கம்பளியை எடுத்து வெயிலில் போடுகிறோம். கார் டயரை மட்டும் பஞ்சரானால்தான் குனிந்து பார்க்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அம்மா. பர்லியாருக்கு மேலே ஒரு வளைவு. கனமழைகூட இல்லை, தூறல்தான். இரண்டாவது கியர், வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பிரேக்கைத் தொட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஸ்டியரிங் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேராக வழுக்கிக்கொண்டே போய், தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் டயர் சாலையைப் பற்றியது. நல்லவேளையாக எதிரே பஸ் வரவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முன் சீட்டின் முதுகைப் பிடித்த கையை மட்டும் மேட்டுப்பாளையம் வரும்வரை எடுக்கவில்லை.

டயரில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேடுபள்ளம், நன்றாகவே இருந்தது. பிறகு ஏன் வழுக்கியது? மறுநாள் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் பக்கச்சுவரைத் துணியால் துடைத்தார். சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் தெரிந்தன: 3817.

"2017-ம் வருசம், 38-வது வாரம் செஞ்சதுங்க. ஏழு வருசம் ஆச்சு" என்றார். கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்தினார். நகம் இறங்கவே இல்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த புது டயரில் அழுத்தினார். பிறை போல ஒரு தடம் பதிந்து, மெல்ல மறைந்தது. "பட்டன் இருக்குதுங்க. ரப்பர்தான் செத்துப்போச்சு."

மலையில் வாழும் நமக்கு இது முக்கியமான செய்தி. சமவெளியில் டயர் தேய்ந்து முடிகிறது. இங்கே பலருடைய கார் வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடுகிறது. ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுக்கொருமுறை தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. வழுக்கும் மலைச்சாலையில் பத்து வரை காத்திருக்க எனக்கு மனம் வராது.

சரி, புது டயர் போடலாம் என்று முடிவு செய்தவுடன் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, நம் எல்லோருடைய வாயிலிருந்தும் வருவதுதான்: "எத்தனை ஆயிரம் ஓடும்?"

"அதை அப்புறம் சொல்றனுங்க. நீங்க எந்த ரோட்டுல ஓட்டறீங்க, அதச் சொல்லுங்க முதல்ல" என்றார் பெரியவர்.

அந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். காரின் முழு எடையும் நான்கு டயர்களும் தரையைத் தொடும் நான்கு உள்ளங்கையளவு இடத்தில்தான் நிற்கிறது. சாலையின் ஜல்லியில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் புகுந்து பிடித்துக்கொள்வதுதான் பிடிப்பு. மென்மையான ரப்பர் எளிதில் புகும். கெட்டியான ரப்பர் ஈரப்படலத்தின் மேலேயே சறுக்கும். அதே கெட்டியான ரப்பர்தான் அதிகக் கிலோமீட்டர் ஓடும். நீண்ட ஆயுள், எரிபொருள் சிக்கனம், ஈரத்தில் பிடிப்பு என்ற மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1992-ல் சிலிக்கா கலந்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இந்த இழுபறி ஓரளவு தளர்ந்தது. சிலிக்கா கலந்தால் சிக்கனமும் ஈரப்பிடிப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆகவே கடையில் கேட்க வேண்டியது, "சிலிக்கா கலந்த டயரா? ஈரத்தில் எப்படி நிற்கும்?" என்பதே.

நம் நாட்டிலும் இதற்கு விதி வந்துவிட்டது. டயரின் ஈரச்சாலைப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசு 2022-ல் வரம்பு வகுத்தது. புதிய வடிவமைப்புகளுக்கு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது பொருந்தியது. அந்த வரம்பை நிறைவு செய்த டயர்களுக்குள் எது மேல் என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. சில டயர்களின் பக்கச்சுவரில் 'டிராக்‌ஷன்' என்ற சொல்லும் அதன் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்பதில் ஒன்றும் இருக்கும். அமெரிக்க முறைப்படி, நனைந்த தரையில் நேராகப் பிரேக் போட்டுப் பார்த்துத் தரும் மதிப்பு அது. ஏஏ எல்லாவற்றிலும் உயர்ந்தது. அதன் அருகிலேயே 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். அது தேய்மானக் கணக்கு. நாம் இத்தனை நாள் கேட்டது அந்த எண்ணைத்தான்.

சில வாசகர்கள் குளிர்கால டயர் வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும் என்பது உண்மை. மார்கழியில் தலைகுந்தாவில் உறைபனி விழும் விடியற்காலைகள் நமக்கும் உண்டு. ஆனால் வெயில் ஏறினால் அது போய்விடுகிறது. அதே கார் மத்தியானம் மேட்டுப்பாளையத்தில் சுடும் வெயிலில் ஓடும். சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறி இறங்குகிற சாலை நம்முடையது. பனிக்காகச் செய்த மென்ரப்பர் அந்த வெயிலில் விரைவில் தேய்ந்துபோகும். ஈரப்பிடிப்பு நல்ல சாதாரண டயரே நமக்குப் போதும். விடியற்காலை உறைபனிக்கு மருந்து, ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புவதுதான்.

ஈரமும் இரண்டு வகை. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைவு. அங்கே ஆபத்து மெல்லிய ஈரப்படலம், யூகலிப்டஸ் இலை, காய்கறி லாரி உதிர்த்த சேறு. அங்கே காப்பாற்றுவது ரப்பரின் மென்மை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவைச் சாலையில் எண்பதில் போகும்போது தேங்கிய நீர் ஆபத்து. டயர் நீரின் மேல் மிதந்துவிடும். அங்கே காப்பாற்றுவது பட்டனின் ஆழம். புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டம் 1.6 வரை அனுமதிக்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுகள் அந்த அளவைக் காட்டும். அதுவரை தேய்ந்த டயரோடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நனைந்த சாலையில் பிரேக் போட்டால், கார் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதைப் பிரிட்டனில் நடந்த சோதனைகள் காட்டின. ஆகவே மழை நாட்டில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். அழகுக்காக அகல டயர் போட நினைப்பவர்களும் யோசியுங்கள். டயர் அகலமாக ஆக, தேங்கிய நீரில் எளிதில் மிதக்கும். 185/65 ஆர்15 என்று கம்பெனி கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். அதன் பின்னால் வரும் 88 எச் போன்ற குறியீடு சுமையையும் வேகத்தையும் குறிப்பது. 88 என்றால் டயருக்கு 560 கிலோ. அதற்குக் குறைந்ததை வாங்கக் கூடாது.

பணம் போதாமல் இரண்டு டயர் மட்டும் மாற்றுபவர்கள் அவற்றைப் பின்சக்கரத்தில் போடுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது, அதில்தானே தேய்மானம் அதிகம் என்று தோன்றும். ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடையெல்லாம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் இலேசாகிவிடும். முன்சக்கரம் வழுக்கினால் காலைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க இடமுண்டு. பின்சக்கரம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். அதை மீட்பது பழகிய டிரைவருக்கே கடினம். ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். பட்டன் அம்புக்குறி போல் ஒரே திசை நோக்கியிருந்தால், பக்கச்சுவரில் உள்ள அம்பு முன்னோக்கிச் சுழலும்படி மாட்டியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் பிடியுங்கள். கீழே 33 பிஎஸ்ஐ பிடித்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறினால் குளிரால் அழுத்தம் குறையும். மேலே காற்று மெலிந்திருப்பதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகிவிடும். பிடிப்புக்காகக் காற்றை இறக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். காற்றுக் குறைந்த டயர் நீரைச் சரியாக வெளியே தள்ளாது.

பெரியவர் காட்டிய டயரையே வாங்கினேன். பக்கத்திலிருந்த வேறொன்றை விட ஆயுள் குறைவு என்று அவரே சொன்னார். போன மாதம் கோடை மழையில் அதே சாலையில் அம்மாவோடு இறங்கினேன். அந்த வளைவு வந்தது, கார் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா சீட்டைப் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் அருவி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் செல்போன் வெளிச்சத்தோடு உங்கள் காரருகே போய்க் குனிந்து, அந்த நான்கு எண்களைப் படியுங்கள். கடைசி இரண்டு எண்கள் வருடம். ஒருபக்கம் காணாவிட்டால் உட்பக்கம் இருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள், பல கார்களில் எல்லாவற்றிலும் மூத்தது அதுதான். பிறகு நகத்தை அழுத்திப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்