சாட்சி இல்லையா, சாட்சிக்குக் காவல் இல்லையா?

"சாட்சியம் போதாது" என்றதும் சட்டம் ஏட்டை மூடிவிடுகிறது. ஏன் போதவில்லை என்று கேட்கும் கடமை மக்களுடையது. திருமலை மக்களாகிய நாம் அதனையே கேட்கிறோம்.

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் மாலை, எமது துறைமுகப் பட்டினத்தின் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து மாண்டனர் என்று முதலிற் கூறப்பட்டது. உடல்களின் படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அப்படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் நாள் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மகனைப் பறிகொடுத்து, உண்மை கூறத் துணிந்த தந்தையொருவர் மிரட்டல்களுக்கு ஆளாகி நாட்டைவிட்டே வெளியேறினார்.

அந்நாள்களில் இவ்வட்டாரத்தில் வாழ்ந்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கடைத்தெருவுக்குச் செல்லவும் அடையாள அட்டை வேண்டும். பிள்ளை வரத் தாமதித்தால் தாய் படலையடியில் நின்றாள். சீருடையைக் கண்டதும் தலைகுனிந்து நடக்கப் பழகினோம். முறைப்பாடு செய்யச் சென்றவனே முதலில் தன்னைப் பற்றி விளக்கமளிக்க நேர்ந்தது. யார்மீது முறையிட வேண்டுமோ, அவரது நிலையத்திலன்றி வேறெங்கே முறையிடுவது?

ஜனாதிபதி நியமித்த உடலகம ஆணைக்குழு, சீருடையினருக்கு இக்குற்றத்திற் பங்குண்டென ஊகிக்க வலுவான காரணங்கள் உள என்றது. அதன் அறிக்கை 2015இலேதான் வெளிவந்தது. 2013இற் கைதான விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரையும், 2019 ஜூலை 3ஆம் நாள், சாட்சியம் போதாதெனத் திருமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆதாரமின்றி எவரையும் தண்டிக்கும்படி நாம் கேட்கவில்லை. சட்டம் பயின்ற எவரும் அதனைக் கேளார். ஆனால், சாட்சி அஞ்சி ஓடும்போது வாளாவிருந்த அரசு, பின்னர் சாட்சி இல்லை என்று கைவிரிப்பது எந்த நீதி? 2015ஆம் ஆண்டுச் சட்டம் சாட்சிகளைக் காக்கும் பிரிவைப் பொலிசுக்குள்ளேயே அமைத்தது. பொலிசார்மீதே குற்றஞ்சாட்டும் சாட்சி, பொலிசாரிடமே அடைக்கலம் தேடுவானா?

பொலிசாரின் பிடியில் இல்லாத பாதுகாப்பு வேண்டும். கடல்கடந்து வாழும் சாட்சிகள் அச்சமின்றிச் சாட்சியமளிக்க வழி வேண்டும். அதன்பின் இவ்வழக்கை மீண்டும் விசாரிக்கட்டும். அதுவரை, சாட்சி இல்லை என்று சொல்லும் உரிமை அரசுக்கு இல்லை.