முஸ் கிராமத்துப் பையன்

கார் நிக்கோபார் தீவுக்குப் போகும் கப்பலுக்காக அந்தமானின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிக்கோபாரிப் பாட்டி பையிலிருந்து பைபிளை எடுத்துப் பிரித்தார். எட்டிப் பார்த்தேன். ரோமன் எழுத்துகள்தான்; உயிரெழுத்துகளின் தலையில் மட்டும் அங்கங்கே இரட்டைப் புள்ளியும் கோடும். உதடு அசைய, விரலை வரி மேல் ஓட்டிக்கொண்டே படித்தார்.

அந்த விரலுக்குப் பின்னால் ஒரு தமிழரும் இருக்கிறார். வேதப்பன் சாலமோன், 1890களில் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்திய உபதேசியார். அவருடைய நாள்குறிப்பின் பகுதிகள் 1902இல் பிரிட்டிஷ் மானிடவியல் இதழில் அச்சாயின. தீவு மக்களைப் பற்றிய எழுத்துதான், ஆனால் எழுதியவர் வெளியூர்க்காரர்.

அவரிடம் எழுதப் படிக்கக் கற்ற ஹா சேவ் கா என்ற பையன்தான் பின்னாளைய ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் மாந்தளே வரை போய்ப் படித்துவிட்டு ஊருக்கே வாத்தியாராகத் திரும்பினார். பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க அநேகமாக எதுவுமே இல்லாத காலம் அது.

1942இல் ஜப்பானியர் வந்தார்கள். உளவு சொன்னதாகப் பழிபோட்டு நிக்கோபாரிகளைச் சித்திரவதை செய்தார்கள், பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சன் தன் மகனைப் பறிகொடுத்தார், தானும் சிறையில் கிடந்தார். அதற்குப் பிறகு ஒரு மனிதர் மறுபடி மேசை முன்னால் உட்கார்ந்து பைபிளைத் தாய்மொழியில் பெயர்க்கச் சொல் தேடியதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தென்னையும் பன்றியும் தாழம்பழமுமே வாழ்க்கையான தீவில், கோதுமை வயலுக்கும் பாலைவனத்துக்கும் என்ன சொல் கண்டுபிடித்தாரோ! 1950இல் புதிய ஏற்பாடு வந்தது, 1969இல் முழு பைபிள். இடையில் ஆயர் பட்டம், 1952இல் நியமன எம்.பி. பதவி, 1965இல் பத்மஸ்ரீ; பிறகு 1975இல் பத்மபூஷண்.

மொழிபெயர்ப்பை இலக்கியம் என்று சொல்லலாமா என்பார்கள். நான் சொல்வேன். ஓர் ஒப்பீட்டுக்கு: கனடாவின் கிரீ பழங்குடி எழுத்தாளர் டேரல் மெக்லியோட், துயரம் நிறைந்த தன் இளமையைப் புத்தகமாக்கி 2018இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரல் விருதைப் பெற்றார். கிரீ சொல்லைத் தலைப்பாக வைத்தாலும் அவர் எழுதியது ஆங்கிலத்தில். வாசகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ரிச்சர்ட்சனோ வாசகர்களையே உண்டாக்க வேண்டியிருந்தது.

கப்பல் சங்கு ஊதியது. பாட்டி புத்தகத்தை மூடினார். பேத்தி செல்போனில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அதே எழுத்து, புள்ளிகள் மட்டும் இல்லை. "என்ன மொழிம்மா?" என்றேன்.

"எங்க பாஷை அங்கிள்" என்றாள், நிமிராமலே.